இரண்டு மணிக்குத் தண்ணீர் இறங்கும்

கிடங்கிலிருந்து அந்த நான்கு படகுகளையும் இழுத்துப் போட்டபோது முதலில் வெளியே வந்தது எலிப் புழுக்கை. அடுத்தது செத்த பெருச்சாளி ஒன்று. அதற்கப்புறம்தான் படகு. குஞ்சிதபாதம் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்ட நின்றான். வெள்ளைக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போய் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. போனவர்கள் இந்தச் சனியன்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போயிருக்கக் கூடாதா என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது.

பிரெஞ்சுத் துரைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அரசலாற்றில் ஓட்டி விளையாடிய படகுகள் அவை. ஒல்லியாக, நீளமாக இருக்கும். இரண்டு பேர் முன்னும் பின்னுமாகக் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போட வேண்டும். அலுவலகப் பட்டியலில் 'கனோ, நான்கு' என்று எழுதியிருந்தது. ஊர்க்காரர்கள் வைத்திருந்த பெயர் 'துரை செருப்பு'. மெட்ராசிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி தெட்சிணாமூர்த்தி அந்தப் பட்டியலைச் சரிபார்த்த அன்றைக்கே, "துரைங்க போனா என்ன, நாம ஓட்டக் கூடாதா?" என்று கேட்டுவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அலுவலகமே ஆற்றில் உல்லாசப் பயணம் போவதென்று அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது.

தலைமைக் குமாஸ்தா சண்முகசுந்தரம் ஆனந்தத்தில் குதித்தார். இதே மனிதர், இதே கனோவில் துரை ஏறும்போது முழங்கால் தண்ணீரில் நின்று படகைப் பிடித்துக்கொண்டு "உய் முசே, உய் முசே" என்று குழைந்ததைக் குஞ்சிதபாதம் கண்ணால் பார்த்திருக்கிறான். கொடி மாறிய மறுநாளே கதர்ச் சட்டைக்கு அளவு கொடுத்தார். இப்போது "எஸ் சார், எஸ் சார்". வாய்தான் மாறியிருக்கிறதே தவிர முதுகு வளைவதில் ஒரு குறையும் இல்லை. அந்த ஆளைப் பார்த்தாலே குஞ்சிதபாதத்துக்குக் குமட்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவி அமுதத்திடம் அவரைப் போலவே நடித்துக் காட்டுவான். சிரித்து முடித்ததும் அமுதம், "அது கெடக்கட்டும், ஒங்க காயிதத்துல அதிகாரி கையெழுத்துப் போட்டாரா இல்லியா?" என்று கேட்பாள். அதோடு நடிப்பு நின்றுவிடும்.

அந்தக் காயிதம்தான் அவனுடைய தலைவலி. அவன் படித்ததெல்லாம் பிரெஞ்சு. இங்கிலீஷில் ஒரு விடுமுறை விண்ணப்பம் எழுதுவதற்குள் வியர்த்துவிடும். அப்படிப்பட்ட தற்காலிகக் குமாஸ்தாக்களை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்ற காயிதக் கட்டு ஏழு மாதமாகத் தெட்சிணாமூர்த்தியின் மேஜையில் கிடந்தது.

உல்லாசப் பயணத்தில் அவனுக்கு விழுந்த வேலை, ஆற்றில் படகு மிதக்கத் தண்ணீர் எப்போது இருக்கும் என்று விசாரித்து நேரம் குறிப்பது. அவன் நெரவிக்காரன். ஆற்றுக்குத் தெற்கே வீடு, வடக்கே அலுவலகம். பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் தினமும் சேக் அலாவுதீனின் தோணியில் ஆற்றைக் கடக்கிறவன். "ஒனக்குத்தான்யா ஆத்தோட கதை தெரியும்" என்று சண்முகசுந்தரம் அவன் தலையில் கட்டிவிட்டார்.

ஆனி மாதம் அது. தை முடிந்ததிலிருந்து ஆற்றில் காவிரித் தண்ணீர் கிடையாது. கடல் தண்ணீர் எதிர்த்து ஏறி நிற்கிற கடைசி இரண்டு மூன்று மைலுக்கு மட்டும்தான் படகு மிதக்கும். மேட்டூரைத் திறந்து பன்னிரண்டு நாளாகியிருந்தது. நெரவியில் மண்வெட்டி பிடித்தவன் எல்லாம் இரண்டு வேளையும் கரைக்கு வந்து மேற்கே பார்த்துவிட்டுப் போனான். கும்பகோணம் தாண்டிவிட்டது என்று ஒருவன் சொல்வான், இல்லை என்று இன்னொருவன் அடிக்க வருவான். குஞ்சிதபாதத்தின் அப்பாவும் நாற்றங்கால் உழுது வைத்துவிட்டு, "தண்ணி எறங்கிடுச்சா?" என்றுதான் காலையில் கண் விழிப்பார்.

சேக் அலாவுதீனுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. துறையின் குத்தகை இருபது வருஷமாக அவரிடம். இரண்டு தோணி, கூட இரண்டு ஆள். அவர் வீட்டில் ஒன்பது பேர் சாப்பிடுவது அந்தத் துறையை நம்பித்தான். குத்தகையைக் கொடுப்பதும் பிடுங்குவதும் குஞ்சிதபாதத்தின் அலுவலகம். ஆனாலும் அதை மனதில் வைத்து அவர் இவனிடம் ஒருநாளும் இளித்ததில்லை. மழை நாளில் கடைசித் தோணியை இவனுக்காகக் கால் மணி நேரம் நிறுத்தி வைத்திருக்கிறார். ஊரில் குஞ்சிதபாதம் அருவருப்பில்லாமல் பேசுகிற ஆட்கள் மிகக் குறைவு. அதில் அவர் ஒருவர்.

"ஞாயித்துக்கெழம எங்க அதிகாரியெல்லாம் படகுல போகணுங்கறாங்க பாய். தண்ணி எப்பங்க?" என்று கேட்டான்.

அவர் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். "சனிக்கெழம பௌர்ணமி. ஞாயித்துக்கெழமன்னா ரெண்டு மணிக்குத் தண்ணி எறங்கும் தம்பி. அதப் பாத்து நேரத்த வச்சுக்கங்க."

அவ்வளவுதான் பேச்சு. இத்தனை சுத்தமாக மணி சொல்கிறாரே, மேற்கே கும்பகோணத்துப் பக்கமிருந்து யாரோ ஆள் அனுப்பிச் சேதி சொல்லியிருக்கிறார்கள் போல என்று குஞ்சிதபாதம் பூரித்துப்போனான். ஆனி மாதத்தில் நெரவிக்காரன் காதில் 'தண்ணி எறங்கும்' என்று விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: காவிரித் தண்ணீர் வந்து சேரும்.

செய்தியைச் சொன்னதும் தெட்சிணாமூர்த்தி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ரெண்டு மணிக்குப் புதுத் தண்ணி வருதா? அப்போ நாம நடு ஆத்துல நின்னு வரவேற்போம்!" என்றார். மாலை, தேங்காய், கற்பூரம், தாம்பாளம் எல்லாம் தன் பொறுப்பு என்றார் சண்முகசுந்தரம். அதிகாரி குஞ்சிதபாதத்தின் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலில் உடம்பு சிலிர்த்துப் போனதை அவன் சண்முகசுந்தரத்திடமிருந்து மட்டுமல்ல, தன்னிடமிருந்தும் மறைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கிளம்பினார்கள். முதல் கனோவில் அதிகாரியும் அவர் மனைவி நீலாயதாட்சியும். பட்டுப் புடவையும் வைரத்தோடுமாக அந்த அம்மாள் ஏற, படகு ஒரு பக்கமாகச் சாய, சண்முகசுந்தரம் தண்ணீரில் குதித்துப் பிடித்துக்கொண்டார். எட்டுப் பேருக்கு நாலு கனோ. சாப்பாட்டுக் கூடைகளோடு பின்னால் அலாவுதீனின் தோணியும் அவருடைய ஆட்கள் இருவரும். குஞ்சிதபாதத்தின் தலையெழுத்து, கடைசிக் கனோவில் சண்முகசுந்தரத்துக்குப் பின்னால் உட்கார வேண்டியிருந்தது.

உல்லாசமாம். நாலு மாதமாக ஓட்டமில்லாத ஆறு அது. ஊர்ச் சாக்கடை அத்தனையும் அதில்தான் விழுகிறது. ஆட்டுத் தொட்டிக் கழிவு, மீன் குடல், கிழிந்த பாய், செத்த நாய் எல்லாம் புதுத் தண்ணீர் வந்து அடித்துக்கொண்டு போகட்டும் என்று காத்துக் கிடந்தன. இரண்டு கரையிலும் குந்தியிருந்தவர்கள் கனோக்களைக் கண்டதும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். படகு கடந்ததும் மறுபடி குந்திக்கொண்டார்கள். "என்ன காட்சி, என்ன காட்சி!" என்று தெட்சிணாமூர்த்தி தென்னைமரங்களைப் பார்த்து வியந்துகொண்டே போனார். சண்முகசுந்தரம் வெற்றிலைச் சாற்றைப் பக்கவாட்டில் துப்பினார். காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து குஞ்சிதபாதத்தின் முழங்கையில் தெளித்தது. அவன் அதை ஆற்றுத் தண்ணீரில் கழுவலாமா, விட்டுவிடலாமா என்று யோசித்து, இரண்டும் ஒன்றுதான் என்று விட்டுவிட்டான்.

மேற்கே ஒரு வளைவில் தென்னந்தோப்பு. அங்கே இறங்கிப் புளியோதரையும் வடையும் தயிர்சாதமும் சாப்பிட்டார்கள். எச்சில் இலைகளைச் சுருட்டி ஆற்றிலேயே எறிந்தார்கள். அதிகாரி ஏப்பம் விட்டுவிட்டுத் துரை காலத்து நிர்வாகத்தைப் பழித்து நாலு வார்த்தை சொன்னார். சண்முகசுந்தரம் தலையை ஆட்டின ஆட்டத்தில் கழுத்து சுளுக்கிக்கொண்டிருக்க வேண்டும், சுளுக்கவில்லை. குஞ்சிதபாதம் ஒரு மரத்தில் சாய்ந்து இந்தக் கூட்டத்தை ஒவ்வொருத்தராக மனதுக்குள் காறித் துப்பிக்கொண்டிருந்தான். அதில் அவனுக்கு ஒரு சுகமும் இருந்தது.

ஒன்றரை மணிக்கு அலாவுதீன் தோணியிலிருந்து குரல் கொடுத்தார். "தம்பி! தண்ணி எறங்க ஆரம்பிச்சிருச்சு. கெளம்பச் சொல்லுங்க!"

"எறங்க ஆரம்பிச்சிடுச்சாம் சார்!" என்று குஞ்சிதபாதம் கத்தினான். எல்லோரும் கை தட்டினார்கள். அலாவுதீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர் இறங்குவதற்கு இவர்கள் ஏன் கை தட்டுகிறார்கள்? கனோக்கள் ஊர்ப் பக்கம் திரும்பாமல் நடு ஆற்றுக்குப் போய் மேற்கே மூக்கை வைத்துக்கொண்டு வரிசையாக நின்றன. அவர் தோணியைக் கிட்டே கொண்டுவந்து, "நேரமாவுதுங்க, போயிரலாங்க" என்றார். "சும்மா இருய்யா, ஐயா தண்ணியப் பாத்துட்டுத்தான் வருவாங்க" என்று சண்முகசுந்தரம் அதட்டினார். சர்க்கார் ஆட்கள் எதைப் பார்க்க ஆசைப்படுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? அவர் தோணியை ஆழமான பக்கமாகத் தள்ளி நிறுத்திக்கொண்டார்.

மேற்கே பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் சொன்னார். நீலாயதாட்சியின் மடியில் மாலை இருந்தது. சண்முகசுந்தரம் தாம்பாளத்தில் கற்பூரத்தை அடுக்கித் தீப்பெட்டியோடு தயாராக இருந்தார். அப்போதுதான் குஞ்சிதபாதம் கரைப் பக்கம் தற்செயலாகத் திரும்பினான். தேங்காய் மட்டை ஊறப்போட்டிருந்த குழியைச் சுற்றி மூங்கில் நட்டிருந்தார்கள். மூங்கிலில் தண்ணீருக்கு மேலே ஒரு முழம் ஈரமாக இருந்தது.

கடல் வாங்குகிறது. இரண்டு மணிக்குத் தண்ணீர் இறங்கும் என்றால் கடலோரத்துக்காரருக்கு அர்த்தம் அதுதான். ஆற்றில் நிற்கிற உப்புத் தண்ணீர் வடிந்து கடலுக்குப் போய்விடும், அதற்குள் திரும்பிவிடுங்கள். அவர் அன்றைக்குச் சொன்னதும் சற்று முன் சொன்னதும் அதைத்தான். 

அப்போதும் படகைத் திருப்பத் தண்ணீர் இருந்தது. வாயைத் திறந்திருந்தால் போதும். திறந்தால், தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல வேண்டும். அந்தக் கட்டு மேஜையில் இருக்கிறது. மேட்டூர்த் தண்ணீர் இந்த நிமிஷமே வந்துவிடாதா என்று தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு அவன் பேசாமல் உட்கார்ந்திருந்தான். பத்து நிமிஷம் போயிற்று.

முதலில் அதிகாரியின் கனோதான் தரை தட்டியது. அப்புறம் ஒவ்வொன்றாக. சுற்றிலும் கறுப்புச் சேறு மேலெழும்பி வந்தது. அதில் குமிழி விட்டது. ஒவ்வொரு குமிழி உடையும்போதும் அழுகின முட்டை நாற்றம் வந்தது. காலையில் தண்ணீருக்குள் மறைந்து கிடந்ததெல்லாம் இப்போது வெயிலில் கிடந்தது. எலும்பு, தலைமயிர்ச் சுருள், உப்பின கோழி, இன்னும் சொல்ல முடியாதவை. அவர்கள் எறிந்த எச்சில் இலைகளும் அவர்களைத் தேடிக்கொண்டு வந்து கனோக்களைச் சுற்றிப் படிந்திருந்தன. நீலாயதாட்சி மாலையைப் போட்டுவிட்டு வாயைப் பொத்தினார். பொத்தியும் நிற்காமல் பட்டுப் புடவையிலேயே வாந்தி எடுத்தார்.

தெட்சிணாமூர்த்திக்கு முகம் கறுத்துவிட்டது. "யார் சொன்னது ரெண்டு மணிக்குத் தண்ணி வரும்னு?"

"குஞ்சிதபாதந்தான் சார்" என்று சண்முகசுந்தரம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

எல்லாக் கண்ணும் அவன் மேல் விழுந்தது. "பாய்தான் சார் சொன்னாரு" என்றான் குஞ்சிதபாதம். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "ரெண்டு மணிக்குத் தண்ணி எறங்கும்னு. கேட்டுப் பாருங்க சார்."

ஒரு எழுத்துப் பொய் இல்லை அதில். அதுதான் அசிங்கம்.

அலாவுதீன் ஆழத்தில் நின்ற தோணியிலிருந்து சேற்றில் இறங்கி வந்துகொண்டிருந்தார். "ஆமாங்க. நாந்தான் சொன்னேன்" என்றார்.

"எறங்கலியே?" என்றார் அதிகாரி.

"எறங்கிருச்சேங்க" என்று அவர் சேற்றைக் கையால் காட்டினார். "பாக்குறீங்களே."

கேலி செய்கிறான் என்றே அதிகாரி நினைத்தார். மெட்ராஸ்காரருக்கு வேறு எப்படித் தோன்றும்? மனைவியின் புடவையில் வாந்தி, தன் காலுறையில் சேறு, எதிரே முழங்கால் சேற்றில் நின்று நிதானமாகப் பதில் சொல்கிற ஒரு தோணிக்காரன். "நக்கலா? சர்க்கார்கிட்டயே நக்கலா? சண்முகசுந்தரம், இவன் துறைக் குத்தகை இந்த மாசத்தோட சரி. நாளைக்குக் காலையில எனக்கு அந்த ஃபைல் வேணும்."

"எஸ் சார்" என்றார் சண்முகசுந்தரம்.

அலாவுதீன் அதிகாரியைப் பார்த்தார். பிறகு குஞ்சிதபாதத்தைப் பார்த்தார்.  படகில் உட்கார்ந்திருக்கிற எட்டுப் பேரையும் கரை சேர்க்க வேண்டிய வேலை இருந்தது. அவரும் இரண்டு ஆட்களும் முதுகைக் காட்டிக் குனிந்தார்கள். அதிகாரி ஒருவர் முதுகில் ஏறினார். நீலாயதாட்சியை இரண்டு பேர் கைகோத்துத் தூக்கினார்கள். சண்முகசுந்தரம் தாம்பாளத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஏறிப் போனார். பார்க்கவே சகிக்கவில்லை. யார் பிழைப்பைப் பிடுங்கினார்களோ அவர் முதுகிலேயே ஏறிக்கொண்டு, "பாத்துப்பா, வழுக்கிடப் போவுது" என்று அதட்டல் வேறு. குஞ்சிதபாதம் பல்லைக் கடித்தான். தான் மட்டும் இறங்கி நடந்துவிட வேண்டும் என்று தீர்மானித்தான். கனோவின் விளிம்புக்கு வெளியே ஒரு காலை நீட்டினான். கீழே ஒரு குமிழி உடைந்தது. உடம்பெல்லாம் கூசிப் போய்க் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

கடைசியாக அலாவுதீன் அவனிடம் வந்தார். மூச்சு இரைத்தது. "ஏறுங்க தம்பி, நேரமாவுது" என்று குனிந்தார். அவன் ஏறினான். வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஏறினான்.

பாதி தூரம் வந்திருந்தார்கள். அலாவுதீன் முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "காவேரித் தண்ணின்னு நெனச்சிட்டீங்களா?"

"ம்" என்றான் அவர் தலைக்குப் பின்னாலிருந்து.

"நா கடத் தண்ணியச் சொன்னேன். ரெண்டு பேரு மேலயும் தப்பு இல்ல தம்பி. வார்த்தைதான் அப்புடி. கரையில எறங்குனதும் இத ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. போதும். எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியாது, சொன்னாலும் நக்கலுங்குறாங்க."

"சொல்றேங்க பாய்" என்றான் குஞ்சிதபாதம். சொல்லிவிடத்தான் நினைத்தான். முதுகில் ஏறியிருக்கிற அந்த நேரத்தில் அவன் அதை நிஜமாகவே நினைத்தான்.

கரையில் அலாவுதீன் அவனை மெதுவாக, நின்ற நிலையிலேயே இறக்கிவிட்டார். அதிகாரி ஒரு தென்னைமரத்தடியில் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். குஞ்சிதபாதம் அவரிடம் போனான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

அவன் ஆரம்பிப்பதற்குள் அவரே கேட்டார். "வரும்போது என்னய்யா சொல்லிட்டு வந்தான் உன்கிட்ட? முணுமுணுன்னு?"

அது கோபமான குரல் இல்லை. கோபம் தணிந்து, ஒரு ஆள் தன் பக்கம் இருக்கிறான் என்று நம்பிக் கேட்கிற குரல். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. குஞ்சிதபாதம் வாயைத் திறந்தான்.

"மன்னிப்புக் கேட்டான் சார்."

ஆறு வருஷமாக அந்த மனிதரை அவன் 'கேட்டார்' என்றல்லாமல் பேசியதில்லை. வீட்டில் அமுதத்திடம் பேசும்போதுகூட இல்லை.

"கேப்பான், கேப்பான்" என்றார் தெட்சிணாமூர்த்தி. "நீ கொஞ்சம் விவரமான ஆளா இருக்க. நாளைக்கு வந்து என்னைப் பாரு." சண்முகசுந்தரம் முதன்முதலாக அவனைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்தார். தன் ஜாதி ஆள் ஒருவனைக் கண்டுபிடித்துவிட்ட சிரிப்பு. அந்தச் சிரிப்பைத் தன் முகத்திலிருந்து வழித்து எறிய வேண்டும் போல இருந்தது குஞ்சிதபாதத்துக்கு. ஆனால் அவன் பதிலுக்குச் சிரித்துக்கொண்டுதான் நின்றான்.

பத்தடி தள்ளி அலாவுதீன் கைலியைப் பிழிந்துகொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. பிழிவதை நிறுத்தி, குஞ்சிதபாதத்தின் காலைப் பார்த்தார். சேறு படாத வெறும் கால்.

"தம்பி, செருப்பப் படகுலயே வுட்டுட்டீங்க" என்றார். "இருங்க, எடுத்தாறேன்."

'வேணாங்க பாய்' என்று நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் அதிகாரி நின்றார்; அவர் காதில் அந்த 'ங்க' விழக் கூடாது. 'வேணாம்' என்று மட்டும் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவன் நின்றுகொண்டிருக்கும்போதே, அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் சேற்றில் இறங்கிவிட்டார்.